கூழாங்கல்லும் சிறுத்தைப் புள்ளியும்

அன்புள்ள ஐயா,

செவ்வாய் கிரகம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ‘அங்கே ஏரிகள் இருந்தன’ என்று, ஏதோ நேரில் குளித்துவிட்டு வந்தவரைப்போல் எழுதியிருக்கிறீர்கள். உண்மையைச் சொன்னால் எனக்குச் சலித்துவிட்டது. 1996-இல் விண்கல்லில் உயிரின் தடயம் என்றார்கள். 2015-இல் இன்றைக்கும் அங்கே தண்ணீர் கசிகிறது என்றார்கள். இரண்டும் பிறகு சத்தமில்லாமல் மறைந்துபோயின. 2025-இல் ஒரு பாறையில் புள்ளிகளாம், மறுபடியும் உயிராம். நிதி ஒதுக்கும் காலம் நெருங்கும்போதெல்லாம் செவ்வாயில் ஏதாவது ஒன்று அகப்பட்டுவிடுகிறது என்றே தோன்றுகிறது. அந்தத் தண்ணீரை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. எல்லாம் ஊகம். இன்னொரு சந்தேகமும் உண்டு. நமக்குத் தண்ணீர் தேவை என்பதால் வேற்றுக் கிரகத்து உயிருக்கும் அது தேவையாக இருக்க வேண்டுமா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் சலிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு வழக்குகளை ஒரே கட்டாகக் கட்டி என்னிடம் கொடுத்திருக்கிறீர்கள். செவ்வாயில் தண்ணீர் இருந்ததா என்பது ஒரு வழக்கு. உயிர் இருந்ததா என்பது வேறொன்று. முதல் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. இரண்டாவதில் விசாரணையே இன்னும் முடியவில்லை. நாளிதழ்கள் இரண்டையும் ஒரே தலைப்பில் போடுவதால்தான் இத்தனை குழப்பம்.

தண்ணீரைக் கண்ணால் பார்க்கவில்லை என்கிறீர்கள். செவ்வாயைப் பொறுத்தவரை கண்ணால் பார்த்தவர்கள்தான் முதலில் ஏமாந்தார்கள். 1877-இல் இத்தாலிய வானியலாளர் ஷியாபரெல்லி தொலைநோக்கியில் சில கோடுகளைக் கண்டு, அவற்றுக்குத் தன் மொழியில் ‘கனாலி’ என்று பெயரிட்டார். இயற்கையான நீர்த்தடத்துக்கும் அந்தச் சொல் பொருந்தும். ஆங்கிலத்துக்குப் போனபோது அது ‘கால்வாய்’ ஆகிவிட்டது. ஓடை தானே ஓடும். கால்வாயை யாராவது வெட்ட வேண்டும். வெட்டியவர்கள் யார் என்ற கேள்வி எழாமல் இருக்குமா? அமெரிக்காவின் பெர்சிவல் லோவெல் 1894-இல் சொந்தப் பணத்தில் ஒரு வானாய்வகமே கட்டி, வறண்டு சாகும் கிரகத்தில் துருவப் பனியை வயல்களுக்குக் கொண்டுசெல்லும் அறிவாளிகளின் கதையை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பொய்யர் அல்லர். மங்கலான புள்ளிகளைக் கண் கோடுகளாகக் கோத்துக் காட்டியது, அவர் அதை நம்பினார். அவ்வளவுதான். 1965-இல் மரைனர் 4 விண்கலம் அருகில் சென்று இருபத்திரண்டுக்கும் குறைவான படங்களை அனுப்பியது. அவற்றில் வெறும் விண்கல் பள்ளங்கள். உடனே எல்லோரும் எதிர்முனைக்கு ஓடி, செவ்வாயும் நிலவைப்போலச் செத்த கல் என்று எழுதினார்கள். அதுவும் அவசரம். 1971-இல் மரைனர் 9 சுற்றுப்பாதையில் நுழைந்தபோது கிரகம் முழுக்கப் புழுதிப்புயல். புழுதி அடங்கக் காத்திருந்து எடுத்த படங்களில் வறண்ட ஆற்றுப்படுகைகள் கிளை கிளையாகத் தெரிந்தன.

இப்போது கூழாங்கல்லுக்கு வருகிறேன். 2012 ஆகஸ்டில் கியூரியாசிட்டி ஊர்தி கேல் என்ற பள்ளத்தில் இறங்கியது. சில வாரங்களிலேயே அதன் படங்களில் பெயர்ந்து நிற்கும் ஒரு பாறைத்தளம் அகப்பட்டது. கூழாங்கற்கள் சாந்தில் பதித்ததைப்போல ஒட்டி இறுகிய பாறை. சில கற்கள் மணல் அளவு, சில கோல்ஃப் பந்து அளவு. பல கற்களுக்கு மூலை முனை இல்லை. கல் பிறக்கும்போதே உருண்டையாகப் பிறப்பதில்லை. மற்ற கற்களோடு மோதி மோதித்தான் முனை மழுங்குகிறது. காற்று மணலைத் தூக்கும். ஆனால் கோல்ஃப் பந்து அளவுள்ள கல்லை அது நெடுந்தூரம் உருட்டிக்கொண்டு போகாது, அதுவும் நம் வளிமண்டலத்தின் நூறில் ஒரு பங்குகூட அழுத்தம் இல்லாத செவ்வாய்க் காற்று. தண்ணீர்தான் அதைச் செய்ய முடியும். கற்களின் அளவை வைத்தே அந்த ஓடையில் கணுக்கால் முதல் இடுப்பு வரை ஆழம் இருந்திருக்கும், நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் ஓடியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். இதை ஊகம் என்று சொல்லலாம். ஆனால் காலையில் எழுந்து வாசலில் ஈரத்தைக் கண்டு இரவு மழை பெய்திருக்கிறது என்று சொல்வதும் அதே வகை ஊகம்தான். அதற்கு நீங்கள் சாட்சி கேட்பதில்லை.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதே ஊர்தி சேறு இறுகிய ஒரு பாறையைத் துளையிட்டது. செவ்வாயில் பாறையைத் துளைத்து மாதிரி எடுத்தது அதுவே முதல்முறை. வெளியே வந்த தூள் சாம்பல் நிறம்! செவ்வாயின் சிவப்பு அங்கே மேல்தோலில் மட்டும்தான். அந்தத் தூளில் களிமண் கனிமம் கணிசமாக இருந்தது. அத்தகைய களிமண், அமிலமும் உப்பும் மிஞ்சாத நீரில் உருவாவது. அந்தத் திட்டத்தின் தலைமை அறிவியலாளர் ஜான் க்ரோட்ஸிங்கர், அன்று அங்கே நின்றிருந்தால் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கலாம் என்று சொன்னார். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. 2004-இல் ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி இறங்கிய சமவெளியில் கிடைத்த ஜாரோசைட் என்ற கனிமம் கடும் அமில நீரைக் காட்டியது. அதாவது தண்ணீர் இருந்தது என்பதோடு நிற்கவில்லை. எங்கே எப்படிப்பட்ட தண்ணீர் என்று பிரித்துப் பேசும் நிலைக்கு வந்துவிட்டோம். 2023-இல் கியூரியாசிட்டி குழுவினர் இன்னொன்றைக் காட்டினார்கள்: ஆழமற்ற ஏரியின் அலைகள் அடிச்சேற்றில் போட்ட வரிகள், கல்லாக உறைந்தபடி. என் ‘ஏரிகள் இருந்தன’ அங்கிருந்து வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஒரு பழுதான சக்கரம். ஸ்பிரிட் ஊர்தியின் முன்சக்கரம் ஒன்று 2006-இல் சுழல மறுத்துவிட்டது. வேறு வழியின்றி ஊர்தியைப் பின்னோக்கி ஓட்டி, அந்தச் சக்கரத்தை இழுத்துக்கொண்டே போனார்கள். 2007-இல் அது கீறிய தடத்தில் வெள்ளை வெளேரென்று மண் தெரிந்தது. சோதித்தால் ஏறத்தாழ 90 விழுக்காடு சிலிக்கா. வெந்நீர் ஊற்றோ நீராவி வாயோ இருந்த இடத்தில் சேர்வது. சக்கரம் ஒழுங்காகச் சுழன்றிருந்தால் அதன்மேல் ஏறிப் போயிருப்பார்கள்.

2015 பற்றி நீங்கள் சொன்னது சரி, பாதி. சரிவுகளில் கோடையில் நீண்டு குளிரில் மறையும் கருங்கோடுகளை உப்புநீர்க் கசிவு என்றார்கள். பிறகு அந்தக் கோடுகள் வறண்ட மணல் சரியக்கூடிய செங்குத்தான இடங்களில் மட்டுமே தொடங்கி முடிகின்றன என்று 2017-இல் ஓர் ஆய்வு அளந்து காட்டியது. நீராக இருந்தால் சற்றுச் சாய்வு குறைந்த இடத்திலும் வழிந்திருக்க வேண்டும். ‘சத்தமில்லாமல்’ என்ற சொல்லைத்தான் ஏற்க மாட்டேன். அந்தக் கோடுகளை 2011-இல் உலகுக்கு அறிவித்த குழுவின் தலைவர் ஆல்ஃபிரெட் மெக்கீவன், 2017 ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களிலும் ஒருவர். தன் கண்டுபிடிப்பைத் தானே கலைப்பதில் கையெழுத்திட்டிருக்கிறார். முதல் செய்தி முதல் பக்கத்தில் வந்தது, இரண்டாவது வரவில்லை. அதற்கு அவர் என்ன செய்வார்?

இனி உயிர். இங்கே நான் உங்கள் பக்கம் சற்று நெருங்கி நிற்கிறேன்.

1976-இல் இறங்கிய இரண்டு வைக்கிங் கலங்களும் மண்ணில் உயிர் இருக்கிறதா என்று நேரடியாகவே சோதித்தன. ஒரு சோதனையில், கதிரியக்கக் கார்பன் கலந்த ஊட்டநீரை மண்ணில் சொட்டினார்கள். நுண்ணுயிர் இருந்து அதைத் தின்றால், கார்பன் வாயுவாக வெளியேறும். வாயு வந்தது! மண்ணை 160 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டுச் சோதித்தால் வரவில்லை. உயிர் இருந்தால் நடப்பது அப்படியேதான். ஆனால் மீண்டும் ஊட்டநீர் சொட்டியபோது வாயு பெருகவில்லை. பசித்த உயிர் இரண்டாம் பந்தியை மறுக்குமா? தவிர, மண்ணைச் சூடாக்கி ஆராய்ந்த கருவிக்குக் கரிமச் சேர்மம், அதாவது உயிருக்கு அடிப்படையான கார்பன் சேர்மம், எதுவும் அகப்படவில்லை. குளோரின் கலந்த சில மூலக்கூறுகள் மட்டும் வந்தன. கருவியைத் துடைத்த திரவத்தின் மிச்சம் என்று ஒதுக்கினார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பைக் கண்டது. சூடேறினால் அது கரிமப் பொருளை எரித்துக் குளோரின் மூலக்கூறுகளாக மாற்றிவிடும். ஆக, வைக்கிங்கின் அடுப்பு தான் தேடிவந்த பொருளையே எரித்திருக்கக்கூடும். அந்த ஊட்டநீர்ச் சோதனையை வடிவமைத்த கில்பர்ட் லெவின், தான் உயிரைக் கண்டுவிட்டதாக 2021-இல் இறக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பெரும்பாலோர் ஏற்கவில்லை, மண்ணின் வேதிவினையே போதும் என்றார்கள்.

1996 விண்கல்லை நீட்ட வேண்டியதில்லை. செவ்வாயிலிருந்து வந்து விழுந்து, அண்டார்க்டிகாவில் 1984-இல் எடுத்த கல், உள்ளே புழுப்போன்ற நுண்ணிய உருவங்கள். ஒவ்வொரு சான்றுக்கும் உயிரில்லாத விளக்கம் ஒன்று வந்து சேர்ந்தது. புழுப்போல இருப்பதெல்லாம் புழு அன்று.

அந்தப் பாடம் 2025 அறிவிப்பில் தெரிகிறது. பெர்சிவரன்ஸ் ஊர்தி 2024 ஜூலையில், ஒரு காலத்தில் ஏரியாக இருந்த ஜெஸிரோ பள்ளத்துக்கு நீர் கொண்டுவந்த ஒரு பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கில், சிவந்த சேற்றுப்பாறையில் மில்லிமீட்டர் அளவுப் புள்ளிகளைக் கண்டது. நடுவில் வெளுப்பு, சுற்றிலும் கருவளையம். சிறுத்தைப் புள்ளி என்று பெயரிட்டார்கள். அவற்றில் இரும்பு பாஸ்பேட்டும் இரும்பு சல்பைடும் இருப்பதாகத் தெரிகிறது. பூமியில், காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக இரும்பையும் சல்பேட்டையும் கொண்டு சுவாசிக்கும்போது இத்தகைய கனிமங்கள் மிஞ்சுகின்றன. அதே பாறையில் கரிமப் பொருளும் இருக்கிறது. உயிரில்லாமலும் இவை உருவாகலாம். ஆனால் அந்த வழிகளில் முக்கியமான ஒன்றுக்கு நல்ல சூடு வேண்டும், பாறையில் அப்படிச் சூடேறிய அடையாளம் தெரியவில்லை. இத்தனையும் சொல்லிவிட்டு அவர்கள் எழுதிய சொல் ‘உயிர்த்தடயமாக இருக்கக்கூடியது’. தலைப்புகளில் ‘இருக்கக்கூடியது’ உதிர்ந்துவிட்டது.

நிதி விஷயத்துக்கும் வருவோம். அந்தப் பாறையிலிருந்து சுண்ணக்கட்டி அளவில் ஒரு துண்டை எடுத்துக் குழாயில் அடைத்து வைத்திருக்கிறார்கள். வழக்கைத் தீர்க்க அதைப் பூமிக்குக் கொண்டுவந்து நல்ல ஆய்வகங்களில் அறுத்துப் பார்க்க வேண்டும். அதற்கான திட்டத்துக்கு 1,100 கோடி டாலர் வரை ஆகும், 2040 வரை காத்திருக்க வேண்டும் என்று கணக்கு வந்தபோது, இது தாங்காது என்று 2024-இல் நாசாவே சொன்னது. செவ்வாய்ச் செய்திகளெல்லாம் பணம் பறிக்கும் தந்திரம் என்றால், இவ்வளவு மோசமாகத் தோற்ற தந்திரத்தை நான் பார்த்ததில்லை.

தண்ணீர் ஏன் என்ற உங்கள் கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. தேவையில்லாமல் இருக்கலாம். சனியின் துணைக்கோளான டைட்டனில் மீத்தேன் ஏரிகள் இருக்கின்றன. அங்கே நமக்குப் பிடிபடாத வேதியியலில் ஏதோ ஒன்று நெளிந்துகொண்டிருந்தால் அதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் அது விட்டுச்செல்லும் தடம் எப்படி இருக்கும் என்று தெரியாமல் எதைத் தேடுவது? தண்ணீரை நம்பிய உயிரின் தடத்தையாவது நமக்கு அடையாளம் தெரியும். தெரியும் என்பதும் ஓரளவுக்குத்தான். கிரீன்லாந்தில் 370 கோடி ஆண்டுப் பாறையில் நுண்ணுயிர்ப் படிவங்கள் இருப்பதாக 2016-இல் ஒரு குழு எழுதியது. 2018-இல் இன்னொரு குழு அதே இடத்துக்குப் போய், அவை பாறை நெரிந்து மடிந்ததால் வந்த வடிவங்கள் என்றது. சுத்தியலோடு நடந்துபோகக்கூடிய இடத்திலேயே இந்தச் சண்டை. பூமியின் மேலோடு தன் பழைய பாறைகளை ஓயாமல் மடித்தும் உருக்கியும் அழித்துவிடுகிறது. செவ்வாயில் மேலோட்டுத் தட்டுகளின் அந்த நகர்வு இல்லாததால், அதே வயதுள்ள சேறு அங்கே பெரும்பாலும் போட்டது போட்டபடி கிடக்கிறது. அதனால்தான் பழைய ஏரியின் அடியைத் தேடி இவ்வளவு தூரம் போகிறார்கள்.

உங்கள் கடிதம் வந்த பிறகு என் கட்டுரையை மறுபடி எடுத்துப் படித்தேன். ஏரிகள் பற்றிய வாக்கியத்தை மாற்றவில்லை. ஆனால் மூன்று பத்தி தள்ளி, நீங்கள் கவனிக்காத ஓர் இடத்தில், ஜெஸிரோவை ‘உயிர் வாழ்ந்த ஏரி’ என்று எழுதியிருக்கிறேன். ‘உயிர் வாழத் தகுந்த ஏரி’ என்று இருக்க வேண்டும். இன்று காலை திருத்திவிட்டேன்.