கல்லூரி கூடைப்பந்து அணிக்கு விசுவாசமான ரசிகர் கூட்டத்தை உருவாக்குவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "எங்கள் காலேஜ் கூடைப்பந்து டீம் நன்றாகத்தான் ஆடுகிறது. மேட்ச் பார்க்க ஆள் வருவதில்லை. டீ-ஷர்ட் கொடுக்கலாமா, டிஜே வைக்கலாமா என்று யோசிக்கிறோம். அமெரிக்கக் காலேஜ்களில் வருகிற மாதிரி கூட்டம் நமக்கும் வர வழி இருக்கிறதா?"

ஊர்ப் பெயரைப் போடவில்லை. ஆனால் "பாதி நாள் மழை, மீதி நாள் மிஸ்ட்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதனால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம், மிஞ்சிப்போனால் கொடைக்கானல் என்று நானே வைத்துக்கொள்கிறேன். பசங்க டீமா, பொண்ணுங்க டீமா என்றும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் பசங்க டீம் என்று அர்த்தம். எங்கள் மேட்சுக்கு மட்டும்தான் நோட்டீஸில் 'விமன்ஸ்' என்று சேர்த்து எழுதுவார்கள்.

முதலிலேயே ஒன்று. நான் கோச் இல்லை, மார்க்கெட்டிங் படித்தவளும் இல்லை. பி.காம். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் ஒரு காலேஜில் மூன்று வருடம் டீமில் இருந்தேன். அதில் முதல் வருடமும் இரண்டாம் வருடத்தில் பாதியும் பெஞ்ச். பன்னிரண்டு பேர் டீமில் பன்னிரண்டாவது ஆள். "நீயெல்லாம் ஆலோசனை சொல்ல வந்துட்டியா" என்று கமென்ட்டில் யாராவது கேட்பீர்கள், தெரியும். கோர்ட்டுக்குள் ஓடுகிறவளுக்கு ரிங்தான் தெரியும். யார் எப்போது வந்தார்கள், எப்போது எழுந்து போனார்கள் என்பதெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் தெரியும்.

நீங்கள் யோசிக்கிற டீ-ஷர்ட், டிஜே இரண்டையும் நாங்கள் செய்து பார்த்தோம். நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒரு பழைய மாணவர் பணம் கொடுத்தார். நூறு மஞ்சள் டீ-ஷர்ட், இரண்டு பெரிய ஸ்பீக்கர், வந்தவர்களுக்கெல்லாம் ஓ.டி. (கிளாஸுக்குப் போகாவிட்டாலும் அட்டெண்டன்ஸ்), பாதி ஆட்டத்தில் வெஜ் பப்ஸும் டீயும். இருநூறு பேருக்குக் குறையாது. முதல் குவார்ட்டரில் விசில் சத்தத்தில் ரெஃப்ரியின் விசிலே கேட்கவில்லை. இடைவேளையில் பப்ஸ் கொடுத்தார்கள். மூன்றாவது குவார்ட்டரில் ஓ.டி. ஷீட்டில் கையெழுத்து வாங்கினார்கள். நான்காவது குவார்ட்டரில் நான் எண்ணிப் பார்த்தேன்: பதினோரு பேர். அதில் ஒருத்தி என்னிடம் கொடுத்திருந்த குடையைத் திருப்பி வாங்குவதற்காக நின்றிருந்தாள்.

அந்த மேட்சில் நாங்கள் ஜெயித்தோம் என்பதையும் எழுதிவிடுகிறேன். "ஜெயித்தால் தன்னால் கூட்டம் வரும்" என்று ஒரு அண்ணன் இதே கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறார், அதற்காக. அடுத்த வாரம் அந்த மஞ்சள் டீ-ஷர்ட் ஒன்றை ஹாஸ்டல் பாத்ரூம் வாசலில் கால்மிதியாகப் பார்த்தேன்.

கூட்டம் வந்த கதை வேறு.

எங்கள் பக்கம் மழை எப்படி என்று தெரிந்திருக்கும். கூடலூர், தேவாலா பக்கம் ஜூன், ஜூலையில் தென்மேற்கு கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில் வருகிற வடகிழக்குதான் பெரிய மழை. இன்டர் காலேஜ் மேட்சுகளும் சரியாக அந்த மாதங்களில்தான் வந்து விழும். எங்கள் கோர்ட்டோ சிமென்ட் தரை, மேலே வானம். ஒருநாள் மழை பெய்தால் ஓரங்களில் பாசி பிடித்துவிடும். ஒன்று சொன்னால் சிரிப்பீர்கள். இந்த விளையாட்டை 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உண்டாக்கியதே, குளிர்காலத்தில் வெளியே விளையாட முடியாத பையன்கள் கூரைக்குள் ஆடத்தான். நாங்கள் அதைக் குளிரில் கூரை இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தோம்.

அந்த நவம்பரில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டீம் வந்தது. விடியற்காலையில் கிளம்பி, மேட்டுப்பாளையம், பர்லியாறு வழியாக மேலே ஏறி வந்து, பாதிப் பேர் வாந்தி எடுத்து முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார்கள். காலை பத்து மணி வரை விடாத மழை. கோர்ட்டில் கணுக்கால் அளவுக்கு இல்லையென்றாலும் நிறையத் தண்ணீர். ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் தரை காயாவிட்டால் மேட்சைக் கீழே அவர்கள் கிரவுண்டுக்கு மாற்ற வேண்டியதுதான் என்றார். எங்களிடம் இருந்தது இரண்டு வைப்பர், பன்னிரண்டு பேர்.

மெஸ்ஸில் சமைக்கும் அக்கா பின்பக்க வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய் உருளைக்கிழங்கு வந்த சாக்கு நாலைந்தை உதறி எடுத்துக்கொண்டு வந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரிங்குக்குக் கீழே உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்து ஜெராக்ஸ் கடை வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் வந்தார்கள். அப்புறம் எங்களைப் பார்த்தால் "டொக் டொக் டீம்" என்று கிண்டல் செய்யும் எங்கள் கிளாஸ் பசங்களே வந்தார்கள். வெட்கம்தான், வேறென்ன. கொஞ்ச நேரத்தில் நாற்பது பேராவது இருக்கும். துடைப்பது, பிழிவது, மறுபடியும் துடைப்பது. அந்தத் தண்ணீரில் பத்து நிமிடம் கை வைத்தால் விரல் இருக்கிறதா என்றே தெரியாது.

பதினொன்றே காலுக்கு மேட்ச் தொடங்கியது. துடைத்தவர்களில் ஒருவர்கூடப் போகவில்லை. டிஜே இல்லை, பப்ஸ் இல்லை, ஓ.டி.யும் இல்லை. ஈரக் கையை அக்குளில் வைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். எங்கள் பாயிண்ட் கார்டு ஒரு இடத்தில் சறுக்கி விழுந்தபோது ஒருவன் பதறிப்போய்க் கத்தினான், "அது நான் துடைச்ச இடம் இல்ல!" மெஸ் அக்காவுக்கு ஆட்டம் தெரியாது. பெஞ்சுக்குப் பின்னால் வந்து நின்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஏன் கண்ணு, அந்தப் புள்ள சும்மா ரெண்டு எட்டு வச்சதுக்கு எதுக்கு விசில் ஊதறாங்க?"

"பந்தைத் தட்டாம நடக்கக் கூடாதுக்கா. அதுக்குப் பேரு டிராவல்."

மூன்றாவது குவார்ட்டரில் ரெஃப்ரிக்கு முன்பே அக்கா "டிராவலு!" என்று கத்தினார். சரியாகவும் இருந்தது.

கோயம்புத்தூர் சுமார் 400 மீட்டர் உயரம், குன்னூர் 1,850. வந்த பெண்கள் இரண்டாவது குவார்ட்டரிலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். குளிரில் பந்தும் அவர்களுக்குப் பழக்கமான அளவு எழும்பாது. இவ்வளவு இருந்தும் மூன்று பாயிண்டில் தோற்றோம். அவர்கள் நல்ல டீம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தோற்ற பிறகு அந்த நாற்பது பேரும் அடுத்த மேட்ச் எப்போது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஜெயித்த மேட்சுக்கு யாரும் அப்படிக் கேட்கவில்லை.

அமெரிக்கா என்று கேட்டீர்கள் அல்லவா? அங்கேயும் இதுதான் நடக்கிறது என்பது என் எண்ணம். டியூக் யுனிவர்சிட்டியில் கேமரன் அரங்கம் 1940இல் திறந்தது, 9,314 பேர்தான் கொள்ளும். நார்த் கரோலினா யுனிவர்சிட்டியோடு நடக்கும் மேட்சுக்கு இடம் பிடிக்க மாணவர்கள் வாரக்கணக்கில் வெளியே கூடாரம் போட்டுப் படுத்திருப்பார்கள். 1986 முதல் இது நடக்கிறது. ஜனவரிக் குளிரில். திடீரென்று வந்து கணக்கெடுப்பார்கள், கூடாரத்தில் ஆள் குறைந்தால் வரிசையில் இடம் போச்சு. நாம் வீடியோவில் பார்ப்பது முகத்தில் நீலச் சாயம் பூசிக்கொண்டு குதிப்பதை மட்டும்தான். அத்தனை ராத்திரி குளிரில் கிடந்தவன் மேட்ச் பாதியில் எழுந்து போவானா? எங்கள் சாக்கும் அவர்கள் கூடாரமும் ஒன்று என்று நான் சொன்னால் பெரிய பேச்சாக இருக்கும், இருக்கட்டும். அவர்களுடைய பணம், பயிற்சி, டிவி எல்லாம் வேறு உலகம், அதை மறுக்கவில்லை.

அப்புறம் பி.டி. மேடத்திடம் சொல்லி ஸ்டோர் ரூமில் வரிசையாக ஆணி அடித்தோம். ஆளுக்கொரு சாக்கு, மேலே சாக்பீஸில் பெயர். பெயர் எழுதியதும் அது சண்டைக்குரிய பொருளாகிவிட்டது. "என் சாக்கை எவன்டா எடுத்தது" என்று கேட்கிற அளவுக்கு. மழை இல்லாத நாளிலும் வந்து தரையைப் பெருக்கினார்கள். ஒரு பையன் தானாகவே மைக்கைப் பிடித்து, ஃபவுல் என்றால் என்ன, இருபத்து நான்கு விநாடிக்குள் ஏன் பந்தைப் போட வேண்டும் என்று தமிழில் சொல்ல ஆரம்பித்தான். பாதி தப்பு. ஆனால் ஆட்டம் புரியாமல் நிற்பதற்குத் தப்பாகப் புரிந்து நிற்பது மேல்.

மேட்ச் நேரத்தையும் பாருங்கள். எங்களுக்கு முதலில் மூன்றரை மணிக்கு வைப்பார்கள். நாலேகால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறு மணிக்கு, அதுவும் வந்தால்தான். எஸ்டேட் லைன் வீடுகளுக்கும் ஹட்டிகளுக்கும் (படுகர் ஊர்கள்) போகிற பெண்கள் எப்படி நிற்பார்கள்? அவர்களைத்தான் "ஸ்போர்ட்ஸில் ஆர்வமில்லாத பிள்ளைகள்" என்று ஸ்டாஃப் ரூமில் பேசுவார்கள். மேடம் சண்டை போட்டு ஒன்றரை மணிக்கு மாற்றினார். கூட்டம் அன்றே கூடியது. இருட்டுகிற நேரத்தில் கோர்ட்டுக்குக் கீழே காட்டெருமை வந்து நிற்கும் என்பது வேறு விஷயம்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மே மாதம் சீசனில் எங்கள் கோர்ட்டைக் கார் பார்க்கிங்குக்கு விட்டுவிடுவார்கள். ஃபிளவர் ஷோ பார்க்க வந்தவர்களின் வண்டிகள் மூன்று வரிசையாக நிற்கும். ஜூனில் நாங்கள் வந்து பார்த்தால் ஃப்ரீ த்ரோ கோட்டில் ஆயில் கறை. நாற்பது பேர் கை விறைக்கத் துடைத்த தரை அது. கேட்டதற்கு "வருமானம் வருதில்ல" என்றார்கள். அந்த வருமானத்தில் ஒரு வலை வாங்கிப் போட்டதாகத் தெரியாது. சீசனைப் பற்றிப் பேசினாலே எனக்கு ஆத்திரம் வரும். என் அப்பாயிக்குக் காய்ச்சல் என்று ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, பன்னிரண்டு கிலோமீட்டருக்கு இரண்டே கால் மணி நேரம் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தோம். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டதே என்பீர்கள். டிஎன் 43 வண்டிக்கு, அதாவது நீலகிரி வண்டிக்கு, அது தேவையில்லை, உண்மைதான். ஆனால் முன்னால் நிற்கிற ஐம்பது வண்டிகள் டிஎன் 43 இல்லையே. டூரிஸ்டை நம்பிப் பிழைப்பவர்கள் கோபிக்க வேண்டாம், எங்கள் சித்தப்பாவே சாக்லேட் கடைதான் வைத்திருக்கிறார்.

அப்பாயி என்றதும் ஞாபகம். இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1968இல் தொடங்கிய டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தது அது. கடைசி வருடம் ஒருநாள் எனக்குச் சோறு கொண்டுவந்த இடத்தில் பிள்ளைகள் தரை துடைப்பதைப் பார்த்துவிட்டு, "காலேஜுக்கு அனுப்பினா கூலி வேலையா குடுக்குறாங்க" என்று திட்டியது. திட்டிக்கொண்டே ஒரு மூலையைத் துடைத்தது. மேட்ச் முடிகிற வரை அந்த மூலையை விட்டு நகரவில்லை. அங்கே பந்து வந்தபோதெல்லாம் காலால் உள்ளே தள்ளிவிட்டது. ரெஃப்ரி இரண்டு தடவை முறைத்தார்.

சரி. உங்கள் டீ-ஷர்ட் பணத்தை என்ன செய்வது என்று கேட்டால், சாக்கு வாங்குங்கள். சணல் சாக்காகப் பார்த்து வாங்குங்கள், பிளாஸ்டிக் சாக்கு தண்ணீரை இழுக்காது, தள்ளிக்கொண்டுதான் போகும். காய்கறி மண்டியில் பழைய சாக்கு மலிவாகக் கிடைக்கும். முதல் தடவை நன்றாக உதறிவிடுங்கள், உள்ளே மண் இருந்தால் கோர்ட் இன்னும் வழுக்கும்.