என் கணவர் குழந்தைப் பெயர்க் கணக்கிலேயே மூழ்கிக் கிடக்கிறார். இது தேவையா?

"ஏழாம் மாதம் நடக்கிறது. எந்தப் பெயர் இப்போது அதிகம், எது குறைகிறது என்று என் கணவர் தினமும் ராத்திரி நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். இது தேவையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். 12 வருடத்துக்கு முன்னால் என் மனைவியும் தன் அக்காவிடம் போனில் இதையே சொல்லி அழுதிருக்கிறார். அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அதனால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

உங்கள் கணவர் பெயரை நீங்கள் சொல்லவில்லை. ரமேஷ், சுரேஷ், கார்த்திக், இப்படி ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கூட்டத்தில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற பெயரோடு வளர்ந்தவனுக்குத்தான் இந்தக் கணக்கு பிடித்துக்கொள்ளும்.

என் பெயர் செந்தில்குமார். காங்கேயம் பக்கம், 1979-இல் பிறந்தவன். எட்டாம் வகுப்பில் என்னோடு சேர்த்து 4 செந்தில்குமார். வாத்தியார் இனிஷியல் போட்டுக் கூப்பிடுவார். அதிலும் இரண்டு பேர் எஸ். செந்தில்குமார். காரணம் இருக்கிறது. சென்னிமலை, சிவன்மலை, பழனி என்று திரும்பிய பக்கமெல்லாம் முருகன் இருக்கிற ஊரில் பாதி அப்பன்மார் பெயர் சுப்பிரமணியம். மகன் செந்தில்குமார் ஆனால் இனிஷியலும் ஒன்றாகிவிடும்.

விளையாட்டாகத் தெரியலாம். 2001-இல் வேலைவாய்ப்புப் பதிவு மூலம் எனக்கு ஓர் இன்டர்வியூ கார்டு வந்தது. அதே தெருவில் இருந்த இன்னொரு எஸ். செந்தில்குமார் வீட்டுக்குப் போய்விட்டது. அவர்கள் மகன் அப்போது திருப்பூரில் இருந்தான். அவன் வந்து பார்த்துக்கொள்வான் என்று சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார்கள். என் கைக்கு வந்தபோது தேதி முடிந்து 9 நாள் ஆகியிருந்தது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, உறையின் மேல் அவர்கள் மகன் பெயர்தானே இருந்தது. எண்ணெய் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் அந்த உறையை இன்னும் வைத்திருக்கிறேன்.

எனவே மனைவி உண்டானதும் எனக்கு ஒரே நினைப்புதான். என் பிள்ளையை யாரும் இனிஷியல் போட்டுக் கூப்பிடக் கூடாது.

அமெரிக்காவில் இதற்கு வழி சுலபம். அங்கே சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் என்கிற அரசுத் துறை ஒவ்வொரு வருடமும் எந்தப் பெயர் எத்தனை குழந்தைகளுக்கு வைக்கப்பட்டது என்று வெளியிடுகிறது. 1880-இலிருந்து பார்க்கலாம். 5 குழந்தைகளுக்குக் குறைவாக இருந்தால் மட்டும் அந்தப் பெயர் பட்டியலில் வராது. 1997-இல் இதை இணையத்தில் ஏற்றியவர் மைக்கேல் ஷேக்கில்ஃபோர்ட் என்று அந்தத் துறையிலேயே வேலை பார்த்த ஒருவர். 1961 முதல் 1998 வரை அங்கே ஆண் குழந்தைகளில் முதலிடம் மைக்கேலுக்குத்தான் என்று படித்தபோது அந்த மனிதரின் மனசு எனக்குப் புரிந்தது. பெண் குழந்தைகளில் 1970 முதல் 1984 வரை தொடர்ந்து ஜெனிபர். அந்த ஊர் வகுப்பறைகளில் எத்தனை ஜெனிபர்கள் இனிஷியலோடு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

நம் நாட்டில் அப்படியொரு பட்டியல் கிடையாது. ஆனால் வாக்காளர் பட்டியல் இருக்கிறது. பாகம் வாரியாக (ஒரு வாக்குச்சாவடிக்கு ஒரு பாகம்), பெயர், வயது எல்லாம் போட்டு இணையத்தில் கிடைக்கும். அப்போது அதிலிருந்து பிரதி எடுத்தால் தமிழ் எழுத்து உடைந்து உடைந்து வரும். அதனால் எங்கள் ஊரையும் சுற்றியிருந்த ஊர்களையும் சேர்த்து 6 பாகங்களைக் கையால் எழுதினேன். ஒரு பக்கம் பெயர், ஒரு பக்கம் வயது. (அடுத்தவர் விவரத்தை நோண்டலாமா என்று கேட்க வருபவர்களுக்கு: அது தேர்தல் துறையே எல்லோரும் சரிபார்க்கப் பொதுவில் வைத்தது. நான் வீட்டு எண்கூடப் பார்க்கவில்லை. யார் என்ன சாதி என்பதும் எனக்குத் தேவைப்படவில்லை.)

அரிதான பெயர் ஒன்று தேடித்தான் ஆரம்பித்தேன். பத்து நாளில் தேடல் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

முதலில் பிடிபட்டது, எங்கள் பக்கம் சாமி மாறுவதில்லை, பெயர்தான் மாறுகிறது என்பது. எங்கள் குடும்பத்தையே பாருங்கள். தாத்தா பழனிச்சாமி, அப்பா சுப்பிரமணியம், நான் செந்தில்குமார், அக்கா மகன் கார்த்திக், பங்காளி வீட்டில் இப்போது பிறந்திருக்கிற பையன் விசாகன். ஐந்தும் ஒரே முருகன். பெண்கள் பெயரில் வால் மாறும். 70 வயதுக்கு மேல் பார்த்தால் -ஆத்தாள்: காளியாத்தாள், செல்லாத்தாள், பாவாத்தாள், பொன்னாத்தாள். 50-ஐ ஒட்டி -ஈஸ்வரி: மகேஸ்வரி, ராஜேஸ்வரி, புவனேஸ்வரி. அடுத்து பிரியா, ரம்யா, திவ்யா. ஓட்டு வயது வராத பிள்ளைகளுக்குப் பால்வாடிப் பதிவேடுதான் போக வேண்டும், அங்கே -ஷினியும் -இகாவும். அமெரிக்காக்காரர்களுக்கும் ஒரு காலத்தில் ஜேடன், எய்டன், பிரேடன் என்று வால் ஒன்றாகவே ஓடியிருக்கிறது.

இரண்டாவது தெரிந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. -ஆத்தாள் பெயர்களில் 60 வயதுக்குக் கீழே எங்கள் பாகத்தில் ஒருவர்கூட இல்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் புதுப் பட்டியல் வரும்போது இறந்தவர்கள் பெயரை நீக்கிவிடுவார்கள். ஒரு வருடம் நீக்கியதில் எங்கள் பாகத்தின் கடைசி மயிலாத்தாளும் போய்விட்டார். அது என் அப்பத்தா.

அப்பத்தா தாத்தாவின் பெயரைக் கடைசிவரைக்கும் வாயால் சொன்னதில்லை. வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர் "உங்க வீட்டுக்காரர் பேரென்னங்கம்மா" என்று கேட்டதற்கு, "அந்த மலமேல இருக்கறவரு பேருங்க சாமி" என்று தெற்கே கையைக் காட்டினாராம். பெரியப்பா மகனுக்குத் தாத்தா பெயரையே வைத்திருந்தார்கள். பெயரைத் தாங்குகிறவன், பெயரன், அதனால்தானே பேரன். அவனையும் அப்பத்தா பெயர் சொல்லாமல் "பெரியவனே" என்றே கூப்பிட்டார். அடுத்தவர் பெயரை இவ்வளவு பத்திரமாக வைத்திருந்தவரின் பெயர் ஒரே வருடத்தில் எங்கேயும் இல்லாமல் போய்விட்டது. நோட்டை வைத்துக்கொண்டு ராத்திரி ஒரு மணிக்கு அழுதேன்.

2013-இல் மகள் பிறந்தாள். பூச நட்சத்திரம். ஜோசியர் கொடுத்த எழுத்து ஹு, ஹே, ஹோ, ட. தமிழில் ட சொல்லுக்கு முதலில் வராது. ஹ கிரந்த எழுத்து. அப்புறம் பூசத்தில் பிறந்த பெண் பிள்ளைக்கு ஹேமா, ஹேமலதா, ஹேமாவதி தவிர என்ன இருக்கிறது? இன்றைக்கு நம் பிள்ளைகள் பெயரில் ஹவும் ஜவும் இவ்வளவு இருப்பதற்கு நட்சத்திர எழுத்தும் ஒரு காரணம். இதை வடமொழி வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என் பெயரிலேயே குமார் இருக்கிறது.

நான் மயிலாத்தாள் என்றேன். மாமியார் ஹேமா என்றார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பெயர் முடிவாகாமல் ஆஸ்பத்திரி அட்டையிலும் தடுப்பூசி அட்டையிலும் அம்மா பெயரைப் போட்டு 'பேபி ஆஃப்' என்றே ஓடியது. (இது உங்களுக்குப் பயன்படும்: பெயர் முடிவாகாவிட்டாலும் பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை.)

பிள்ளைக்குப் பத்தாவது மாதம் நடந்தபோது ஒரு ராத்திரி, நோட்டைத் திறந்தபோது மனைவி சொன்னார்: "நீங்க எண்றதுல எனக்கு வருத்தமே இல்லைங்க. எத்தனை ஊட்டு ஆத்தா பேரையெல்லாம் எழுதியிருக்கறீங்க. எங்க அம்மாயி பேரு என்னன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. 6 பாகம், ஆயிரக்கணக்கான பெயர். மனைவியை ஏழு வயது முதல் வளர்த்த அம்மாயி, அவருடைய அம்மாவின் அம்மா, பெயர் எனக்குத் தெரியாது. கல்யாணத்தில் அவர் காலில் விழுந்து கும்பிட்டிருக்கிறேன், அம்மாயி என்று மட்டும்தான் தெரியும். அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

பூவாத்தாள் என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவரே சொன்னார், "ரெண்டு பேரு வாலையும் எடுத்துருங்க. பூமயில்."

11-வது மாதம் குலசாமி கோயிலில் மொட்டை போட்டு, காது குத்தி, பெயர் சொன்னோம். அக்காதான் காதில் மூன்று தடவை சொன்னார். அந்த விசேஷத்துக்கு அழைப்புப் பத்திரிகை அச்சடித்தபோது ஒரு வரி விட்டுப்போய், அக்கா வீட்டுக்காரர், எங்கள் மச்சான், பெயர் இல்லாமல் போய்விட்டது. விசேஷத்துக்கு முந்தின நாள் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். பேனாவால் எழுதிய பத்திரிகையும் கொடுத்தேன். வரவில்லை. இன்றுவரை என் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. அக்கா மட்டும் பொங்கலுக்குத் தனியாக வந்து, இருட்டும் முன் கிளம்பிவிடுவார். ஓர் அச்சுப் பிழைக்கு ஒரு பெண்ணைப் பிறந்த வீட்டில் ஒரு வேளைச் சோறு நிம்மதியாகச் சாப்பிட விடாமல் செய்வது என்ன நியாயம்? பத்திரிகைப் பெயருக்காகப் பத்து வருடம் பேசாமல் இருக்கிற குடும்பங்கள் எங்கள் பக்கம் எத்தனையோ. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். மனசில் இருந்தது, எழுதிவிட்டேன்.

பூமயில் இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது ஒரு நாள் அழுதுகொண்டு வந்தாள். பிள்ளைகள் "பூமெயில், ஜிமெயில்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். "எனக்கு மட்டும் ஏன் இப்படிப் பேரு வச்சீங்க" என்றாள். அவளுக்கு ஹர்ஷினி வேண்டுமாம். அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெயரை மாற்றிவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "அவளே சொல்லட்டும், பொறுங்க" என்றார். அரிதான பெயர் வைத்தால் பிள்ளைக்குக் கஷ்டமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதைச் சுமப்பது நாம் இல்லை, பிள்ளை.

ஐந்தாம் வகுப்பு போனபோது அவள் பிரிவில் 3 ஹர்ஷினி. ஒரு சாயங்காலம் பையைக் கழற்றும்போதே சொன்னாள், "அப்பா, என்னை மட்டும்தான் மிஸ்ஸு இனிஷியல் இல்லாமக் கூப்பிடறாங்க." சாதாரணமாகச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அந்த உறையைப் பற்றி அவளிடம் நான் சொன்னதே இல்லை.

இதெல்லாம் வெட்டி வேலை, குழந்தைக்கு நல்ல படிப்பும் சாப்பாடும் போதாதா என்று பின்னூட்டத்தில் எழுத வருவீர்கள். படிப்பும் சாப்பாடும் கொடுத்துக்கொண்டேதான் எண்ணினேன். மனைவிக்குக் கால் வீங்கிய நாட்களில் நோட்டைத் தொடவில்லை. உங்கள் கணவரும் அப்படி இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் சண்டை போட உங்களுக்கு முழு உரிமை உண்டு. இருக்கிறார் என்றால் எண்ணட்டும், விடுங்கள். ஆனால் ஒரு கெடு வையுங்கள். எங்களைப் போல 11 மாதம் இழுக்காதீர்கள், பிள்ளையைப் 'பாப்பா' என்றே கூப்பிட்டுப் பழகி, பெயர் வைத்த பிறகும் அவள் அதற்குத் திரும்பிப் பார்க்க ரொம்ப நாள் ஆனது.

இன்று ராத்திரி அவர் நோட்டைத் திறக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் அம்மாவின் அம்மா பெயரும் அப்பாவின் அம்மா பெயரும் அதில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பேனாவை வாங்கி நீங்களே எழுதிவிடுங்கள்.