பிடுங்கிய கைப்பேசியைத் திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. இரவு 2 மணி வரை கைப்பேசியும் கையுமாக இருக்கிறான். மதிப்பெண் சரிந்துவிட்டது. போன வாரம் அவன் அப்பா கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அன்றிலிருந்து எங்களோடு பேசுவதில்லை. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. இணையத்துக்கு அடிமையாகிவிட்டானா?

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது மதிப்பெண் அல்ல, அந்த 2 மணி. பதின்வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். உறக்கம் வரவழைக்கும் மெலடோனின் அந்த வயதில் இயல்பாகவே தாமதமாகத்தான் சுரக்கிறது. ஏற்கெனவே தள்ளிப்போகும் தூக்கத்தைக் கைப்பேசி இன்னும் தள்ளிவிடுகிறது. எரிச்சலுக்கும் படிப்புச் சரிவுக்கும் தூக்கக் குறைவே பெரிய காரணமாக இருக்கலாம்.

'அடிமை' என்ற சொல் அவன் காதில் விழ வேண்டாம். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் காணொளி விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. அதற்கும்கூட, நினைத்தாலும் நிறுத்த முடியாமை, மற்றதெல்லாம் பின்னுக்குப் போவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் வழக்கமாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். நெடுநேரம் பார்ப்பது மட்டுமே நோயாகிவிடாது.

ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடுகிறது. தள்ளத் தள்ளப் பக்கம் தீர்வதில்லை. நல்லது எப்போது வரும் என்று தெரியாததால் விரல் நிற்பதில்லை. பெரியவர்களாலேயே முடியவில்லையே! தன்னை அடக்கும் மூளைப் பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழு வளர்ச்சி பெறுகிறது. அவனைத் தனியாகப் போராட விட்டுவிட்டுத் தோற்றதற்குத் தண்டிப்பது நியாயமில்லை.

பிடுங்கியது அக்கறையால்தான், சந்தேகமில்லை. ஆனால் அவனுடைய நண்பர்கள் எல்லோரும் அதற்குள் இருக்கிறார்கள். அவன் அப்பாவே அலமாரியைத் திறந்து, "கோபத்தில் செய்துவிட்டேன்" என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கட்டும். இதனால் அவர் மதிப்பு குறையாது. கூடவே ஒரே ஓர் ஏற்பாடு: இரவு 10 மணிக்கு மேல் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் கூடத்தில் ஒரே மேசையில் இருக்க வேண்டும். உங்களுடையதும், அவருடையதும்தான். காலையில் எழுப்ப ஒரு கடிகாரம் போதும். 11 மணி என்று பேரம் பேசுவான். பத்தரைக்கு ஒப்புக்கொள்ளுங்கள், தானே பேசி முடித்த நேரத்தை அவன் மதிப்பான்.

இன்னொன்று. கைப்பேசியில் அவன் என்ன பார்க்கிறான் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அருகில் உட்கார்ந்து, அறிவுரை சொல்லாமல், அவன் ஆடும் ஆட்டத்தைக் கற்றுத்தரச் சொல்லுங்கள். வகுப்பில் கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்கும், பாடம் புரியாமல் பயப்படும் பிள்ளைக்கும் கைப்பேசி ஒளிந்துகொள்ளும் இடம். எதிலிருந்து ஒளிகிறான் என்பது பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியவரும்.

பள்ளிக்குப் போக மறுத்தாலோ, சாப்பாட்டை அறவே ஒதுக்கினாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு முறை சொன்னாலும் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

சாப்பிட ஆரம்பித்தானா என்று எனக்கு எழுதுங்கள்.