ராடு வைத்த காலை ஊன்ற ஏன் இத்தனை பயம்?

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. மூன்று மாதத்துக்கு முன்பு பைக்கில் போனபோது லாரி உரசி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ராடு வைத்தார்கள். போன வாரம் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், எலும்பு நன்றாகக் கூடி வருகிறது, முழுசாக ஊன்றி நடக்கலாம் என்றார். இவரோ வாக்கரை விட மறுக்கிறார். தண்ணீர்ச் சொம்புகூட நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். ராத்திரியில் திடுக்கிட்டு எழுகிறார். லாரி ஹாரன் கேட்டால் வியர்க்கிறது. பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார். முதலில் உடம்பைப் பார்ப்பதா, மனசைப் பார்ப்பதா? பைக்கை விற்றுவிடலாமா?

பதில்: இரண்டையும் சேர்த்தே பாருங்கள் அம்மா.

ராடு என்பது எலும்பின் உள்குழாயில் செருகி, மேலும் கீழும் ஸ்க்ரூ போட்ட உலோகத் தண்டு. பாரத்தில் ஒரு பங்கை அது தாங்கிக்கொள்ளும். டாக்டர் ஊன்றச் சொன்ன பிறகு ஊன்றுவதுதான் மருந்து. பாரம் இறங்க இறங்கத்தான் புது எலும்பு கெட்டிப்படும். எலும்பு முழுசாகக் கூடுவதற்கு நான்கு முதல் ஆறு மாதம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதலாகும். பீடி, சிகரெட் இருந்தால் எலும்பு கூடுவது தள்ளிப்போகும். ஆட்டுக்கால் சூப்பைக் குடித்துவிட்டு வாசலில் போய்ப் புகைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்!

'கால் மடங்கிவிடும்' என்ற அவருடைய பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. இஞ்ச் டேப்பால் இரண்டு தொடையையும் அளந்து பாருங்கள், அடிபட்ட பக்கம் சிறுத்திருக்கும். காலுக்கு வேலை இல்லையென்றால் சில நாட்களிலேயே தசை கரையத் தொடங்கிவிடும். அதனால் 'சும்மா பயப்படாதீங்க' என்று சொல்லிப் பயனில்லை.

எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்குங்கள். வாக்கரைப் பிடித்தபடி அடிபட்ட காலை அதன் மேலும், நல்ல காலை அதே உயரப் பலகை மேலும் வைத்து, மெதுவாகப் பாரத்தை இறக்கட்டும். இன்று 20 கிலோ, இரண்டு நாள் கழித்து 25. கால் தாங்குகிறது என்பதை எண்ணாகப் பார்க்கும்போது நம்பிக்கை வரும். பிறகு கைத்தடி; அதை நல்ல கால் பக்கக் கையில் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

பயிற்சிக்குப் பின் வலிக்கும். மறுநாள் காலைக்குள் அடங்கினால் சரி, அடங்காவிட்டால் அளவைக் குறையுங்கள். சாயங்கால வீக்கம் பல மாதம் இருக்கும். ஆனால் கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். துணி பட்டாலே கால் எரிந்து, தோல் நிறம் மாறினால் அதையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். பிசியோதெரபிக்கு அலைய முடியாவிட்டால், 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கு வருவார்களா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அப்புறம் அந்த ஹாரன், கெட்ட கனவு, கோபம். விபத்துக்குப் பின் சில வாரம் யாருக்கும் இப்படி இருக்கும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் பிடிஎஸ்டி எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலப் பாதிப்பாக இருக்கலாம். உங்கள் வீட்டில் மூன்று மாதமாகிவிட்டது, மனநல மருத்துவரைப் பாருங்கள். பேச்சு சிகிச்சையிலும், தேவைப்பட்டால் மாத்திரையிலும் பலருக்குச் சரியாகிறது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம். தூக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்கினாலோ, 'அன்னைக்கே போயிருக்கலாம்' என்று சொன்னாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. அவர் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் 'பார்த்து, பார்த்து' என்று பதறாதீர்கள். சொம்பை அடுப்படியிலேயே வையுங்கள், அவரே போய்க் குடிக்கட்டும்.

பைக்கை இப்போது விற்க வேண்டாம். வாசலிலேயே நிற்கட்டும். துடைக்கத் தோன்றினால் துடைக்கட்டும், கட்டாயப்படுத்தாதீர்கள். விற்பதா ஓட்டுவதா என்பதை ஆறு மாதம் கழித்து அவரே சொல்லட்டும்.