பசையா, பேஸ்ட்டா?

அன்புள்ள ஐயா,

நான் புத்தகம் பைண்டிங் செய்கிறவன். கடைக்கு வந்த ஒருவர், ‘பேஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்தான் பசை ஆகிவிட்டது, கோந்துதான் அசல் தமிழ்’ என்றார். எனக்கு ஒப்பவில்லை, ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை. பணக்காரரைப் ‘பசையுள்ள ஆள்’ என்கிறோமே, அது ஏன்? அப்பா காலத்தில் ஒட்டுவதற்கு வச்சிரம் என்ற பசையைக் காய்ச்சுவார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது?

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைக்கு வந்தவர் இரண்டையும் சரியாகத் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். கோந்துதான் வெளியிலிருந்து வந்தது. இந்தியிலும் உருதுவிலும் கோந்த் என்றால் மரப்பிசின். வடக்கே பிள்ளை பெற்றவர்களுக்கு அதைப் போட்டு லட்டு பிடித்துக் கொடுப்பார்கள். கன்னடத்திலும் கோந்து உண்டு. நம்மிடம் அதற்குப் பிசின் என்ற சொல் முன்பே இருந்தது. வேப்பம்பிசின், கருவேலம்பிசின், முருங்கைப்பிசின் என்று இன்றும் சொல்கிறோம். மரத்தில் வடிந்தால் பிசின், பாட்டிலுக்குள் போனால் கோந்து என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

பேஸ்ட்டின் கதை வேறு. அது கிரேக்கத்தில் பார்லிக் கஞ்சியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. பாஸ்தாவும் அதன் உறவுதான். பசைக்கும் அதற்கும் ஒலி ஒற்றுமை தவிர ஒன்றுமில்லை. மலையாளத்தில் ஒட்டும் பசைக்குப் பச என்றுதான் பெயர். கன்னடத்தில் பசெ என்றால் ஈரம். இந்தக் கன்னடப் பொருளைக் கொஞ்சம் கவனியுங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது.

பசை என்றதும் நமக்கு ஒட்டுவது நினைவுக்கு வருகிறது. ஆனால் ‘சுவரில் ஈரப்பசை இருக்கிறது’, ‘தலையில் எண்ணெய்ப்பசையே இல்லை’ என்று சொல்லும்போது அங்கே எதுவும் எதனோடும் ஒட்டவில்லை. ஈரம், கசிவு, உள்ளே ஊறிக் கிடக்கும் நெய்ப்பு. இதுதான் அடிப்படைப் பொருள் என்பது என் எண்ணம். மாவு காய்ந்திருந்தால் ஒட்டாது, தண்ணீர் சேர்ந்து வெந்தால்தான் ஒட்டும். உங்கள் தொழிலில் இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அங்கிருந்து மனசுக்குப் போவது எளிது. குறிப்பறிதல் அதிகாரத்தில் 1098ஆம் குறள்:

‘அசையியற்கு உண்டாண்டோர் ஏஎர்யான் நோக்கப்
பசையினள் பைய நகும்.’

நான் பார்த்தேன், அவள் பசையினளாய் மெல்லச் சிரித்தாள். பரிமேலழகர் இதற்கு ‘நெகிழ்ந்து’ என்று உரை சொல்கிறார். மனசு கசிந்தவள் பசையினள். ஈரம் என்ற சொல்லும் இதே வழியில்தான் போயிருக்கிறது: ‘இன்சொலால் ஈரம் அளைஇ’ என்னும்போது அங்கே ஈரம் என்பது அன்பு. வடமொழியில் ஸ்நேகம் என்றால் எண்ணெயும் உண்டு, பிரியமும் உண்டு. ஆங்கிலேயர் இங்கே கப்பலில் வந்து இறங்குவதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முன்பே வள்ளுவர் கையில் இந்தச் சொல் இப்படிப் பழுத்திருக்கிறது. உங்கள் வாடிக்கையாளருக்கு இந்த ஒரு குறள் போதும்.

பசையுள்ள ஆளும் இதே கணக்குதான். வறண்டு போகாதவர், கையில் நாலு காசு ஊறுகிறவர். அந்தக் காசு கையோடு ஒட்டிக்கொண்டு கீழே இறங்கவே இறங்காது என்றால் அவர் பிசினாறி. பசையையும் பிசினையும் வைத்து மனிதர்களை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தவர்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அப்புறம் வச்சிரம். வஜ்ரம் என்ற வடசொல், வைரம் போல இறுகுவது. ஆறாம் நூற்றாண்டில் வானநூல் அறிஞர் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதை என்ற வடமொழி நூலில் வஜ்ரலேபம் என்றே ஒரு பகுதி எழுதியிருக்கிறார். விளாங்காய், இலவம்பூ முதலானவற்றை எட்டில் ஒரு பங்காக வற்றக் காய்ச்சி, குங்கிலியம் போன்றவற்றைச் சேர்த்துக் கோயிலுக்கும் சிலைக்கும் பூசச் சொல்கிறார். கோடி ஆண்டு நிற்குமாம்! கொம்பும் தோலும் சேர்கிற இன்னொரு பக்குவமும் அங்கே உண்டு. மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த நம் தச்சர்களின் வச்சிரம் அந்தப் பெயர் வழியில் வந்தது என்றே நினைக்கிறேன். அதை நேராக அடுப்பில் வைத்தால் கருகிவிடும் என்று வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்குவார்கள். உங்கள் அப்பாவும் அப்படித்தான் செய்திருப்பார்.

மைதாப் பசை காய்ச்சும்போது பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவீர்கள் அல்லவா? பசை பதத்துக்கு வந்துவிட்டது என்பதை உங்கள் தொழிலில் எந்தச் சொல்லால் சொல்வீர்கள்? எழுதுங்கள்.