மூக்குக்கும் பயிற்சி

கே: கண்ணை மூடி முகர்ந்தால் சீரகமா சோம்பா என்றே தெரிவதில்லை. மோப்பத்தைக் கூர்மையாக்க முடியுமா? – வாசகி, கும்பகோணம்

ப: முடியும், வாரக்கணக்கில் ஆகும். நான்கு சிறு பாட்டில்களில் கிராம்பு, எலுமிச்சைத் தோல், ரோஜா இதழ், பஞ்சில் 2 சொட்டு யூகலிப்டஸ் தைலம் போட்டு மூடி வையுங்கள். தோலையும் இதழையும் அடிக்கடி மாற்றுங்கள். காலையும் இரவும் ஒவ்வொன்றையும் 20 விநாடி, பெயரை மனதில் சொல்லியபடி முகருங்கள். 12 வாரமாவது விடக்கூடாது. நெஞ்சு நிறைய இழுப்பதுதான் பலர் செய்யும் தவறு. முயல் மாதிரி சின்னச் சின்னதாக இழுங்கள். அரை நிமிட இடைவெளியும் தேவை, இல்லாவிட்டால் மூக்கு பழகி மரத்துப்போகும். தைலத்தின் 'ஜில்' உணர்வு மட்டும் வாசனையல்ல, அது வேறு நரம்பின் வேலை. சீரகத்தை முழுசாக முகர்ந்தால் மணம் குறைவுதான். விரலிடுக்கில் கசக்கிப் பாருங்கள். சோம்பில் இனிப்பு வாடை எழும், சீரகத்தில் எழாது.