சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையைப் பாலோடு சாப்பிடலாமா?

அம்மாவுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷனுக்காக சிப்ரோஃப்ளாக்சசின் 500 கொடுத்திருக்கிறார்கள், மாத்திரை சூடு என்று பாலோடு விழுங்குகிறார், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீர் போதும்.

செல்லூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். "சூட்டு மாத்திரையாப்பா? அப்ப பாலு குடிச்சுக்கிறேன்" என்று சொல்லாத பெரியவர்கள் குறைவு. வேறு சில மாத்திரைகளுக்கு அது பரவாயில்லை. இதற்கு ஆகாது. பாலில் இருக்கும் கால்சியம் குடலிலேயே மருந்தைப் பிடித்துக்கொள்ளும். பாலோடோ தயிரோடோ விழுங்கினால் ரத்தத்தில் சேரும் மருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகும். பால் வேண்டுமென்றால் 2 மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். ஜிகர்தண்டாவுக்கும் இதே கணக்குதான்!

பாலைவிட மோசமானது நெஞ்செரிச்சல் சிரப். எங்கள் வீட்டிலேயே பட்டோம். அப்பாவுக்கு இதே மாத்திரை. மூன்று நாளாகியும் காய்ச்சல் விடவில்லை. பார்த்தால் கட்டில் தலைமாட்டில் ரோஸ் கலர் சிரப் பாட்டில், பாதி காலி. மாத்திரை போட்ட கையோடு இரண்டு மூடி ஊற்றிக் குடித்திருக்கிறார். கடைக்காரன் நான், எனக்கே தெரியவில்லை! அதில் அலுமினியமும் மெக்னீசியமும் இருக்கின்றன. அந்த சிரப், கால்சியம், இரும்புச்சத்து, துத்தநாக மாத்திரைகள் எதுவானாலும் சிப்ரோவை 2 மணி நேரம் முன்னால் போட வேண்டும், இல்லாவிட்டால் அவற்றுக்கு 6 மணி நேரம் பின்னால்.

அப்புறம் காபி. இந்த மாத்திரை, காபியில் உள்ள கஃபீன் உடம்பைவிட்டுப் போவதைத் தாமதப்படுத்தும். நாலு வேளை குடிப்பவருக்குப் படபடப்பு வரும், தூக்கம் கெடும். ஒரு வேளையாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

இடுப்புவலிக்கு யாராவது கொடுத்த டைசானிடின் கலந்த மாத்திரை வீட்டில் இருந்தால் சேர்க்கவே கூடாது, பிரஷர் விழுந்து மயக்கம் வரும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர், மயஸ்தீனியா என்ற தசைத்தளர்ச்சி நோய் உள்ளவர் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 60 வயது தாண்டியவருக்குக் குதிகாலின் பின்பக்கத் தசைநாணில் திடீர் வலி வந்தால் அடுத்த மாத்திரை போடாமல் டாக்டரைப் பார்க்கவும்.

அம்மாவுக்குச் சுகர் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், சிப்ரோ சேரும்போது சுகர் ரொம்ப இறங்கிவிடலாம்; வியர்த்துக் கை நடுங்கும்போது உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.